சேலஞ்சர்: தொப்பி மாறிய இரவு

பொறியியல் கல்லூரிகளில் ‘தொழில் நெறிமுறைகள்’ என்று ஒரு தாள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பல வருடங்கள் அந்தத் தாளுக்குள் சேலஞ்சர் விண்கலத்தின் கதை ஒரு ‘கேஸ் ஸ்டடி’யாக இருந்தது. ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனது, விண்கலம் வெடித்தது, மேலதிகாரிகள் பொறியாளர்களின் பேச்சைக் கேட்கவில்லை என்று எழுதினால் மார்க் வந்துவிடும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த விபத்துக்கு முந்தைய இரவில் என்ன நடந்தது, யார் என்ன பேசினார்கள் என்று விசாரணைக் குழுவின் அறிக்கையிலும், பிறகு அந்த மனிதர்களே சொன்னவற்றிலும் படிக்கும்போது கதை வேறு மாதிரி இருக்கிறது. அங்கே லஞ்சம் வாங்கியவர் யாரும் இல்லை. யாரையும் கொல்ல நினைத்தவரும் இல்லை. எல்லாரும் படித்தவர்கள், தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு டெலிபோன் கூட்டத்தில் உட்கார்ந்து, தெரிந்தே ஒரு தவறான முடிவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த ரப்பர் வளையம். விண்கலம் மேலே எழும்பும்போது அதன் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைத் தூண்கள் போல நிற்பவை திட எரிபொருள் ராக்கெட்டுகள். அவற்றைத் தயாரித்தது யூட்டா மாநிலத்தில் இருந்த மார்ட்டன் தையோகால் என்ற கம்பெனி. ஏவுதளமோ அமெரிக்காவின் இன்னொரு கோடியில், புளோரிடாவில். முழு ராக்கெட்டை ரயிலில் ஏற்ற முடியாது என்பதால் துண்டு துண்டாகச் செய்து, ரயிலில் கொண்டுபோய், அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டினார்கள். பூட்டிய இடம்தான் பலவீனமான இடம். ஒரு துண்டின் நாக்கு போன்ற விளிம்பு அடுத்த துண்டின் பள்ளத்துக்குள் உட்காரும். அந்த இடைவெளி வழியாக உள்ளே எரியும் வாயு வெளியே வராமல் தடுக்க இரண்டு ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்பார்கள். ராக்கெட்டின் குறுக்களவு 12 அடி, வளையத்தின் தடிமன் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். பிரஷர் குக்கர் மூடியில் இருக்கும் ‘காஸ்கெட்’ செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பழைய காஸ்கெட் விறைத்துப்போனால் குக்கரில் ஓரமாக ஆவி பீறிடும், வீட்டில் யாராவது திட்டுவார்கள், அவ்வளவுதான். இங்கே பீறிடுவது இரும்பை உருக்கும் நெருப்பு.

இன்னொரு சிக்கல். எரிபொருள் பற்றியதும் உள்ளே அழுத்தம் ஏறி ராக்கெட்டின் சுவர் கொஞ்சம் உப்பும். அப்போது பூட்டு இறுகும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். 1977-ல் செய்த சோதனையில் பூட்டு இறுகவில்லை, கொஞ்சம் விரிந்துகொடுத்தது. மிகச் சிறிய விரிசல்தான், ஒரு விநாடிக்குள் நடந்து முடிகிற சமாச்சாரம். அந்த நேரத்துக்குள் ரப்பர் துள்ளி எழுந்து இடைவெளியை அடைக்க வேண்டும். நாசாவின் மார்ஷல் மையத்தில் (ராக்கெட் பகுதிக்குப் பொறுப்பான மையம் இது, அலபாமா மாநிலத்தில் இருக்கிறது) சில பொறியாளர்கள் இந்தப் பூட்டு சரியில்லை என்று அப்போதே எழுதி வைத்தார்கள். வடிவம் மாறவில்லை.

1981 நவம்பரில், இரண்டாவது பயணத்திலேயே ஒரு வளையம் வாயுவில் அரிக்கப்பட்டுத் திரும்பியது. வடிவமைப்பின்படி வளையம் அரிக்கப்படவே கூடாது. ஆனால் பயணம் நல்லபடியாக முடிந்துவிட்டதே! அடுத்தடுத்த பயணங்களில் இன்னும் சில அரிப்புகள். ஒவ்வொரு தடவையும் ஓர் ஆய்வு, ஓர் அறிக்கை, ‘இந்த அளவு அரிப்பு ஏற்கத்தக்கதே’ என்ற ஒரு முடிவு. 1982 கடைசியில் இந்தப் பூட்டை, தோற்றால் கலமும் ஆட்களும் போகும் என்ற முதல் நிலை அபாயப் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டுத் தொடர்ந்து பறந்தார்கள். 1985-ல் நிலைமை மோசமானதும் இதைச் சரிசெய்யாமல் ஏவக் கூடாது என்று ஒரு தடை போடப்பட்டது. அந்தத் தடைக்கு அடுத்து வந்த ஒவ்வொரு பயணத்திலும் விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு அளித்தவர் மார்ஷல் மையத்தில் அந்த ராக்கெட்டுக்குப் பொறுப்பாளராக இருந்த லாரி மல்லாய். தடை இருப்பதே பலருக்குத் தெரியாது என்று பிறகு விசாரணையில் தெரியவந்தது.

தையோகாலில் ரோஜர் பாய்ஜோலி என்று ஒரு பொறியாளர் இருந்தார். (எழுத்துக்கூட்டிப் படித்தால் பாய்ஜோலி, அமெரிக்கர்கள் சொல்லும்போது ஏறக்குறைய ‘போஷலே’.) 1985 ஜனவரியில் ஏவப்பட்ட ஒரு பயணத்தின் ராக்கெட்டுகளைக் கடலிலிருந்து மீட்டுப் பிரித்தபோது அவர் அங்கே இருந்தார். இரண்டு வளையங்களுக்கும் நடுவில் இருந்த கிரீஸ் கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. முதல் வளையத்தைத் தாண்டி வாயு வந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வளையத்தின் வெப்பநிலை 53 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸ். அதுவரை நடந்த ஏவுதல்களில் அதுதான் மிகக் குளிரானது. குளிர்தான் காரணமோ என்ற சந்தேகம் அவருக்கு அங்கேதான் வந்தது.

சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ரப்பரை அழுத்தி, பிறகு விட்டு, எவ்வளவு நேரத்தில் பழையபடி எழும்புகிறது என்று பார்க்கிற எளிமையான சோதனை. 38 டிகிரி செல்சியஸில் ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரியவே இல்லை. 24 டிகிரியில் மறுபடி தொட 2.4 விநாடி ஆயிற்று. 10 டிகிரியில் பத்து நிமிடம் காத்திருந்தும் தொடவில்லை, சோதனையை நிறுத்திவிட்டார்கள். பூட்டு விரிவதோ ஒரு விநாடிக்குள்!

1985 ஜூலை 31 அன்று பாய்ஜோலி தன் கம்பெனியின் பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இதை உடனே கவனிக்காவிட்டால் மனித உயிர்கள் போகும் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். ஆகஸ்டில் ஒரு சிறு குழு அமைக்கப்பட்டது. ஐந்து பேர். கேட்ட சாமான் வராது, கேட்ட ஆள் கிடைக்காது, ஒவ்வொன்றுக்கும் படிவம். அக்டோபரில் அதே பிரிவைச் சேர்ந்த பாப் எபெலிங் என்பவர் எழுதிய குறிப்பின் முதல் சொல்லே ‘உதவி!’ என்பதுதான். அலுவலகக் கடிதத்தில் ஒரு மனிதர் அப்படி ஆரம்பிக்கிறார் என்றால் அதற்கு முன்னால் எத்தனை மரியாதையான கடிதங்கள் குப்பைக்குப் போயிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே நாசாவின் நிலைமையையும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு 24 தடவை பறப்போம் என்று அரசாங்கத்திடம் சொல்லிப் பணம் வாங்கிய திட்டம் அது. 1985-ல் முட்டி மோதி 9 தடவை பறந்தார்கள். சேலஞ்சரின் பயணம் ஏற்கெனவே பல தடவை தள்ளிப்போயிருந்தது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை அதில் போகிறார், விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப்போகிறார் என்பதால் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் டிவி முன்னால் காத்திருந்தார்கள். தையோகாலுக்கும் தன் கவலை இருந்தது. அதுவரை அந்த ராக்கெட்டுக்கு அது ஒன்றுதான் சப்ளையர். இன்னொரு கம்பெனியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்ற பேச்சு நாசாவில் அடிபட்டுக்கொண்டிருந்தது.

1986 ஜனவரி 27. மறுநாள் காலை ஏவுதல். இரவில் புளோரிடாவில் உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை போகலாம் என்று வானிலை அறிக்கை வந்தது. எபெலிங் காதுக்கு அது எட்டியதும் பாய்ஜோலி உட்பட எல்லாரையும் கூட்டினார். புளோரிடாவில் ஏவுதளத்தில் தையோகாலின் பிரதிநிதியாக இருந்த ஆலன் மெக்டொனால்டுக்கும் செய்தி போயிற்று. அவர்தான் இதை மேனேஜர்கள் முடிவு செய்யக் கூடாது, பொறியாளர்கள் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். புளோரிடா நேரப்படி இரவு 8.45-க்கு டெலிபோன் கூட்டம் ஆரம்பித்தது. யூட்டா, அலபாமா, புளோரிடா என மூன்று இடங்களில் மொத்தம் 34 பேர்.

பாய்ஜோலியும் ஆர்னி தாம்சன் என்ற சக பொறியாளரும் அவசரம் அவசரமாகக் கையால் எழுதிய அட்டவணைகளைப் பேக்ஸில் அனுப்பி விளக்கினார்கள். வளையத்தின் வெப்பநிலை 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறைவாக இருந்தால் ஏவ வேண்டாம் என்பது கம்பெனியின் பரிந்துரை. லண்டே அதைப் படித்தார். ஒரு கம்பெனி தன் பொருளைப் பற்றித் தானே ‘வேண்டாம்’ என்று சொல்கிறது. சாதாரணமாக அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. இந்தப் பரிந்துரை தனக்குத் திகைப்பாக இருக்கிறது என்றார் மார்ஷல் மையத்தின் ஜார்ஜ் ஹார்டி. கம்பெனி வேண்டாம் என்றால் அதை மீறி ஏவ மாட்டேன் என்றும் அவர் சொன்னார், அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். மல்லாய் கொதித்தார். அப்படியென்றால் எப்போதுதான் ஏவுவது, அடுத்த ஏப்ரலிலா என்று கேட்டார். ஏவுதலுக்கு முந்தைய நாள் ராத்திரி புதிதாக ஒரு விதியைக் கொண்டுவருகிறீர்களே என்பது அவர் வாதம். 24 டிகிரி செல்சியஸில் ஏவிய ஒரு ராக்கெட்டிலும் வாயு கசிந்திருக்கிறதே, பிறகு எப்படிக் குளிரைக் குற்றம் சொல்வது என்றும் கேட்டார்.

மல்லாயைக் கதையின் வில்லனாக்குவது சுலபம். ஆனால் எண்ணைக் காட்டு என்று கேட்பது அவருடைய வேலை. அந்த இரவில் காட்டப்பட்ட எண்களும் அரைகுறையானவைதான். சேதம் ஏற்பட்ட பயணங்களை மட்டும் வைத்துப் பேசினார்கள். சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்திருந்தால் படம் பளிச்சென்று தெரிந்திருக்கும் என்று பிறகு விசாரணைக் குழு எடுத்துக்காட்டியது. 66 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் (சுமார் 19 செல்சியஸ்) நடந்த 20 பயணங்களில் 3-ல் மட்டும் வளையத்துக்குச் சேதம். அதற்குக் கீழே நடந்த 4 பயணங்களில் நான்கிலும் சேதம். அந்தக் கணக்கைப் போட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, தோன்றுகிற அளவுக்கு அவகாசமும் இல்லை.

இங்கேதான் நெறி சறுக்கியது. அதுவரை இருந்த வழக்கப்படி ‘இது பாதுகாப்பானது’ என்று நிரூபிக்க வேண்டியது ஏவ விரும்புகிறவர்களின் பொறுப்பு. நிரூபிக்க முடியாவிட்டால் ஏவக் கூடாது. அன்று இரவு அந்தக் கேள்வி தலைகீழானது. ‘இது கண்டிப்பாகத் தோற்கும் என்று நிரூபியுங்கள்’ என்று பொறியாளர்களிடம் கேட்கப்பட்டது. கண்டிப்பாகத் தோற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? பாய்ஜோலியாலும் முடியவில்லை. நிலைமை நல்ல பக்கம் போகவில்லை என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. தயாரித்தவர் சந்தேகப்பட்டாலே நிறுத்துவது என்பது எழுதப்பட்ட சட்டமாக இருக்கட்டும், எழுதப்படாத வழக்கமாக இருக்கட்டும், அது கைமாறியதைக் கூட்டத்தில் இருந்த பலர் அந்த நேரத்தில் உணரவே இல்லை.

ஐந்து நிமிடம் கொடுங்கள், எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம் என்று தையோகால் கேட்டது. அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அறையில் உயர் பதவியில் இருந்தவர் ஜெரால்டு மேசன். நாம் ஒரு நிர்வாக முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று அவர் ஆரம்பித்தார். தாம்சன் எழுந்து போய் ஒரு தாளில் பூட்டின் படத்தை வரைந்து மறுபடியும் விளக்கினார். முகம் கொடுத்துக் கேட்பவர் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். பாய்ஜோலி கறுத்த கிரீஸின் போட்டோக்களை மேசைமேல் வைத்து, இதைப் பாருங்கள் என்று குரல் உயர்த்தினார். அவரும் உட்கார்ந்தார். மேசன் மூன்று மேலாளர்களோடு மட்டும் பேசினார். இரண்டு பேர் சம்மதம். லண்ட் மட்டும் தயங்கினார். அவரைப் பார்த்து மேசன் சொன்ன வார்த்தைதான் பிறகு உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களுக்குப் போனது: பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்.

லண்ட் போட்டுக்கொண்டார்.

அறையில் இருந்த பொறியாளர்கள் யாரிடமும் ஓட்டுக் கேட்கப்படவில்லை. டெலிபோன் மறுபடி இணைக்கப்பட்டது. ஏவலாம் என்று ஜோ கில்மின்ஸ்டர் வாசித்தார். இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று நாசா தரப்பில் கேட்கப்பட்டபோது மூன்று இடங்களிலும் மௌனம். பாய்ஜோலியும் பேசவில்லை. அரை மணி நேரம் கத்திவிட்டுக் கடைசி ஒரு நிமிடத்தில் ஏன் பேசவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் விவாதித்திருக்கிறார்கள். விவாதிப்பவர்களில் எத்தனை பேர் சொந்த கம்பெனியின் துணைத் தலைவர்கள் பக்கத்தில் இருக்கும்போது வாடிக்கையாளரிடம் ‘இவர்கள் சொல்வது தப்பு’ என்று சொல்லியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

எழுத்துப்பூர்வமாக, கையெழுத்தோடு வேண்டும் என்றது நாசா. வழக்கமாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஏவுதளத்தில் இருக்கும் கம்பெனிப் பிரதிநிதி, அதாவது மெக்டொனால்டு. அவர் மாட்டேன் என்றார். நான் போட மாட்டேன், வேண்டுமானால் யூட்டாவிலிருந்து வரட்டும் என்றார். கில்மின்ஸ்டர் கையெழுத்திட்டு பேக்ஸ் அனுப்பினார். அந்தத் தாளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். வளையங்கள் முந்தைய குளிரான பயணத்தைவிட 20 டிகிரி பாரன்ஹீட் குளிராக இருக்கும், அதனால் இன்னும் கடினமாக இருக்கும், உட்கார அதிக நேரம் எடுக்கும் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசி வரியில் ஏவலாம் என்று முடிகிறது. இத்தனைக்கும் அந்த வரிகளுக்கு மேலே போட்டிருந்த பெயர் ‘பொறியியல் மதிப்பீடு’!

மெக்டொனால்டு அதோடு விடவில்லை. பேக்ஸ் வருவதற்குக் காத்திருந்த நேரத்தில் மூன்று காரணங்களை அடுக்கினார்: குளிர்ந்த வளையம், ஏவுதளத்தில் கட்டியிருக்கும் பனி, ராக்கெட்டை மீட்கப் போன கப்பல்கள் புயலில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருப்பது. ஏதாவது ஆகிவிட்டால் விசாரணைக் குழு முன்னால் நின்று விளக்கம் சொல்கிற ஆளாக இருக்க எனக்கு விருப்பமில்லை என்றார். இது உங்கள் கவலை இல்லை, மேலே சொல்லிவிடுகிறோம் என்று பதில் வந்தது. ஏவுதலை இறுதியாக முடிவு செய்ய வேண்டிய நாசாவின் மேல்மட்டத்துக்கு அந்த இரவின் சண்டை போய்ச் சேரவே இல்லை.

மறுநாள் காலை கோபுரத்தில் பனி ஊசிகள் தொங்கின. 11.38-க்கு ஏவியபோது வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். கிளம்பி ஒரு விநாடி ஆவதற்குள் வலது ராக்கெட்டின் கீழ்ப் பூட்டில் கரும்புகை வந்ததைக் கேமராக்கள் பதிவு செய்திருந்தன. யாரும் அதை அப்போது கவனிக்கவில்லை. யூட்டாவில் ஒரு கூட்ட அறையில் பாய்ஜோலியும் எபெலிங்கும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய்ஜோலி பார்க்கவே விரும்பவில்லை, எபெலிங்தான் இழுத்து வந்தார். ஏவுதளத்திலேயே வெடிக்கும் என்று பயந்தவர்களுக்குக் கலம் கோபுரத்தைத் தாண்டியதும் மூச்சு வந்தது. ஒரு நிமிடம் ஆனபோது, கடவுளுக்கு நன்றி சொல்லிப் பிரார்த்தனை செய்துவிட்டேன் என்றார் எபெலிங். 73-வது விநாடியில் கலம் சிதறியது. ஸ்கோபி, ஸ்மித், ரெஸ்னிக், ஒனிசுகா, மெக்நெய்ர், ஜார்விஸ், மெக்காலிஃப் ஆகிய ஏழு பேரும் இறந்தார்கள்.

அதிபர் ரீகன் அமைத்த விசாரணைக் குழுவுக்கு வில்லியம் ராஜர்ஸ் தலைவர். பிப்ரவரி 10 அன்று மூடிய அறையில் நடந்த அமர்வில், தையோகால் கொஞ்சம் கவலை தெரிவித்தது, பிறகு சம்மதித்தது என்கிற மாதிரி மல்லாய் மேலோட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அறையின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மெக்டொனால்டு எழுந்து கையைத் தூக்கினார். பேச அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. 53 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம் என்றார். முன்னால் வந்து மறுபடி சொல்லுங்கள் என்றார் ராஜர்ஸ். விசாரணை அந்த இடத்தில்தான் திரும்பியது.

மறுநாள் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் வளையத்தின் ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு, அது துள்ளும் தன்மையை இழப்பதைக் கேமராக்கள் முன்னால் காட்டினார். அந்தக் காட்சி எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தடயம் அவருக்கு வந்த வழி பல வருடங்கள் கழித்துத்தான் வெளியே வந்தது. குழுவில் உறுப்பினராக இருந்த விண்வெளி வீராங்கனை சாலி ரைடு, ரப்பரும் குளிரும் பற்றிய ஒரு தாளைச் சக உறுப்பினரான விமானப்படை ஜெனரல் குட்டினாவிடம் சத்தமில்லாமல் கொடுத்தார். குட்டினா அதை ஃபெய்ன்மனிடம் சாடையாகக் கோடிகாட்டினார். 2012-ல் சாலி ரைடு இறந்த பிறகுதான் குட்டினா இதைச் சொன்னார். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீராங்கனைக்கே, தன் அலுவலகத்தைப் பற்றிய ஓர் உண்மையை மூன்று கை மாற்றித்தான் வெளியே அனுப்ப முடிந்திருக்கிறது!

பேசியவர்கள் கதி என்ன ஆயிற்று? மெக்டொனால்டை கம்பெனி பதவி இறக்கியது. பாய்ஜோலியைப் பெயருக்கு வேலையில் வைத்துக்கொண்டு முக்கியமான வேலைகளிலிருந்து ஒதுக்கியது. செய்தி வெளியே வந்ததும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொதித்து, இவர்களைப் பழிவாங்கினால் தையோகாலுக்கு இனி ஒப்பந்தமே கிடையாது என்கிற அளவுக்குப் போனார்கள். மெக்டொனால்டுக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. பூட்டைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. மூன்றாவது வளையம், சூடேற்றும் பட்டை, விரியாமல் பிடித்துக்கொள்ளும் விளிம்பு எல்லாம் சேர்த்து 1988 செப்டம்பரில் டிஸ்கவரி பறந்தது. ‘வேண்டாம்’ என்று கையெழுத்து மறுத்தவர் செய்துகொடுத்த பூட்டு, விண்கலத் திட்டம் 2011-ல் முடியும்வரை தோற்கவில்லை.

பாய்ஜோலியின் கதை அப்படி முடியவில்லை. ஊரில் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். கம்பெனி மூடினால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் என்ற கோபம் அது, அவர்கள் கோணத்தில் புரிந்துகொள்ளக் கூடியதுதான். சாட்சி சொல்லிவிட்டு வந்தபோது தன்னை அணைத்து ஆறுதல் சொன்னவர் சாலி ரைடு ஒருவர்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். உடம்பும் மனசும் கெட்டு வேலையை விட்டார். பிறகு கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பணியிட நெறிகளைப் பற்றிப் பேசினார். 2012 ஜனவரியில் காலமானார். தையோகால், சட்டப்பூர்வமாகப் பொறுப்பேற்கும் தாளில் கையெழுத்துப் போடாமல், தனக்கு வர வேண்டிய லாபத்தில் 1 கோடி டாலரை விட்டுக்கொடுத்து விஷயத்தை முடித்துக்கொண்டது. யார்மீதும் கிரிமினல் வழக்கு இல்லை.

டயான் வாகன் என்ற சமூகவியலாளர் இந்த முடிவைப் பற்றி 1996-ல் ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். யாரோ விதியை மீறினார்கள் என்று நிரூபிக்கப் போனவர், எல்லாரும் விதிப்படிதான் நடந்தார்கள் என்று கண்டுபிடித்துத் திரும்பினார். விலகல் கொஞ்சம் கொஞ்சமாக இயல்பாகிப்போவது என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். முதல் அரிப்பு செய்தி, பத்தாவது அரிப்பு வழக்கம். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் ஜனவரி 27 இரவுக்கு அது முழுவதும் பொருந்துமா என்பது சந்தேகம். அன்று ஓர் அறையில் இரண்டு பேர் எழுந்து நின்று படம் வரைந்தும் போட்டோ காட்டியும் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு எடுத்த முடிவை வெறும் பழக்கதோஷம் என்று விட்டுவிட முடியாது.

விசாரணை அறிக்கை 1986 ஜூனில் வந்தது. நாசாவில் பாதுகாப்புக்கென்று புது அலுவலகம் வந்தது, சுவரெல்லாம் போஸ்டர்கள் வந்தன. 2003 ஜனவரி 16-ல் கொலம்பியா கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து அதன் இடது இறக்கையில் மோதியது. நுரை பெயர்வதும் பல வருடமாக ‘வழக்கம்’ ஆகிப்போன ஒன்று. கலத்தில் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் இருந்தார். அடிபட்ட இடத்தை உளவு செயற்கைக்கோள் மூலம் படம் பிடித்துப் பாருங்கள் என்று பொறியாளர்கள் மூன்று தடவை முயன்றும் நடக்கவில்லை. ரோட்னி ரோச்சா என்ற பொறியாளர், படம் கேட்காமல் இருப்பது பொறுப்பற்ற செயலுக்குப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு மின்னஞ்சல் எழுதினார். பாதுகாப்பில்லை என்றால் சொல் என்கிற நாசா போஸ்டர் ஞாபகம் இருக்கிறதா, இது அவ்வளவு தீவிரமானது என்றும் அதில் எழுதியிருந்தார். சக பொறியாளர் ஒருவரிடம் காட்டினார். மேலதிகாரிகளைத் தாண்டிப் போக வேண்டாம் என்று நினைத்து அனுப்பாமல் வைத்துக்கொண்டார். பிப்ரவரி 1 அன்று கொலம்பியா வானில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பாதுகாப்பில்லை என்று நிரூபிக்கும் சுமை மறுபடியும் பொறியாளர் தலையில் விழுந்திருந்தது என்று அந்த விசாரணைக் குழுவும் எழுதியது. இரண்டு குழுக்களிலும் உறுப்பினராக இருந்தவர் சாலி ரைடு.

கடைசியாக எபெலிங். விபத்துக்குப் பிறகு கொஞ்ச நாளில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். யூட்டாவில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பறவைகள் சரணாலயத்தைச் சீரமைக்கச் சம்பளமில்லாமல் உழைத்தார். விபத்து நடந்து சரியாக 30 வருடம் ஆன 2016 ஜனவரியில் அமெரிக்க வானொலி ஒன்று அவரிடம் பேட்டி எடுத்தது. அவருக்கு அப்போது 89 வயது. தான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், கடவுள் அந்த வேலைக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது என்று சொன்னார். கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். உங்கள் கடமையை நீங்கள் செய்தீர்கள் என்று மெக்டொனால்டு சொன்னார். அந்த இரவில் எதிர்ப்பக்கம் இருந்த ஹார்டியும், தொப்பியை மாற்றிக்கொண்ட லண்டும் கூட அவரைத் தொடர்புகொண்டு, உன்மேல் தப்பில்லை என்றார்கள். நாசாவிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. மனசு கொஞ்சம் லேசானது என்று எபெலிங் சொன்னார். அந்த மார்ச் மாதமே அவர் இறந்துபோனார்.